ஈரடிப்பு எந்திரமும் கொட்டகலைச் சரிவும்

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதம் ஹற்றனை விட்டு, சிங்கமலைச் சுரங்கத்தின் இருளைக் கடந்து வெளிவந்ததும் கொட்டகலை தோன்றுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் அமைந்த சிற்றூர் அது. 1874ஆம் ஆண்டில் நாவலப்பிட்டியை அடைந்த இருப்புப்பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. ஆயினும், புகையிரதமும் நெடுஞ்சாலையும் மலையின் இடையைச் சுற்றிச் செல்வனவேயன்றித் தோட்டங்களின் உள்ளே நுழைவன அல்ல. தெருவிலிருந்து லயங்களுக்கும், லயங்களிலிருந்து தேயிலை மலைக்கும் தொழிற்சாலைக்கும் ஏறி இறங்குவன தோட்டப் பாதைகளே. கல்லும் சேறும் கூரிய வளைவுகளும் நிறைந்த அப்பாதைகளில் முதலில் துரைமாரின் குதிரைகள் சென்றன; பின்னர் அவர்களுடைய மோட்டார் சைக்கிள்கள் சென்றன. மற்றையோர் நடந்தனர்.

விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்ற தொழிலாளருக்குச் சின்னத்துரையின் முகம் தெரியுமுன் அவரது மோட்டார் சைக்கிளின் ஒலி கேட்கும். எந்த வளைவில் வருகிறார், எந்த மலைக்குத் திரும்புகிறார் என்பதை ஒலியைக் கொண்டே அறிந்துகொள்வர். ஏறிச் செல்பவர் யார், நடந்து செல்பவர் யார் என்பது நெடுங்காலம் ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட்டிருந்தது. 1975இல் அந்நியக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளரவே, யப்பானிய இலகு மோட்டார் சைக்கிள்கள் நாட்டினுள் பெருகின. கணக்கப்பிள்ளை, ஆசிரியர், கடைக்காரர் என்று தொடங்கி, பையப் பையத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் வண்டி வந்து சேர்ந்தது. பெரும்பாலும் அது மூன்று நான்கு கைமாறிய பழைய வண்டியாகவே இருந்தது. நீலப் புகையை வாலாக இழுத்துக்கொண்டு, ‘டிங் டிங்’ என்ற மெல்லிய உலோக ஓசையுடன் மலையேறும் ஈரடிப்பு வண்டிகள் அவற்றுள் பல. ஊர் வழக்கில் அவை ‘டூ ஸ்ரோக்’.

இத்தகைய பழைய வண்டியொன்று பனி படிந்த காலையில் எத்தனை முறை உதைத்தாலும் உயிர்பெற மறுக்கும்போது, கொட்டகலைப் பக்கத்தில் எவரும் நெடுநேரம் உதைத்துக் களைப்பதில்லை. இரண்டாவது கியரில் இட்டு, கிளச்சைப் பிடித்துக்கொண்டு, சரிவில் பத்துப் பன்னிரண்டு யார் உருளவிட்டுக் கிளச்சை விடுவர். எந்திரம் இருமிக்கொண்டு எழுந்துவிடும். இம்மலை தரும் இலவச உதவி அது. ஆனால், வண்டியை எழுப்பிவிடும் அதே சரிவு வண்டியின் நோயை மறைத்தும் விடுகிறது. உதைத்தால் எழாத எந்திரம் உருட்டினால் எழுவது ஏன் என்று கேட்பவர், தம்மை அறியாமலே ஏறக்குறைய 130 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கேள்வியைக் கேட்கிறார். அதற்கு விடைகாண இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குச் செல்ல வேண்டும்.

ஜேர்மனியில் நிக்கொலாஸ் ஓட்டோ 1876இல் செய்துகாட்டிய எந்திரம் நான்கு அடிப்புகளில் இயங்கியது. உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளித்தள்ளுதல் ஆகிய நான்குக்கும் பிஸ்டன் இருமுறை ஏறி இருமுறை இறங்க வேண்டும். அதாவது, தண்டு இருமுறை சுழலும்போது ஒருமுறையே விசை பிறக்கும். ஓட்டோவின் உரிமைப் பத்திரத்தை மீறாமலும், ஒவ்வொரு சுழற்சியிலும் விசை கிடைக்கும் வண்ணமும் ஓர் எந்திரம் செய்ய முடியாதா என்று பலர் முயன்றனர். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த டுகால்ட் கிளார்க் என்பார் 1881இல் உரிமை பெற்ற எந்திரம் இரண்டே அடிப்புகளில் வேலையை முடித்தது. ஆனால், புதிய வாயுவை உள்ளே தள்ளுவதற்கென அவர் பக்கத்தில் தனியாக ஒரு பம்பு உருளையை வைக்க வேண்டியிருந்தது.

பாத் நகரத்துப் பொறியியலாளரான ஜோசப் டே அந்தத் தனிப் பம்பை நீக்கினார். 1891இல் அவர் உரிமை பெற்ற எந்திரத்தின் சூட்சுமம் மிக எளியது. பிஸ்டனுக்கு மேலே வாயு எரிகிறது; கீழே, தண்டு சுழலும் அறை வெறுமையாகக் கிடக்கிறது. அந்த வெற்றறையை ஏன் பம்பாக்கக் கூடாது என்று அவர் எண்ணினார். பிஸ்டன் மேலேறும்போது கீழறையினுள் பெற்றோலும் காற்றும் கலந்த புதிய வாயு இழுபடும். பிஸ்டன் இறங்கும்போது அவ்வாயு அழுந்தி, பக்கவாட்டிலுள்ள ஒரு வழியினூடாகப் பிஸ்டனுக்கு மேலே பாயும். பாய்கின்ற வேகத்தில் எரிந்த புகையையும் வெளியே தள்ளும். மறு ஆண்டில் டேயிடம் பணியாற்றிய பிரெடெரிக் கொக் என்பார், மிஞ்சியிருந்த வால்வையும் அகற்றி, பிஸ்டனின் பக்கச் சுவரே துவாரங்களைத் திறந்து மூடும்படி செய்தார். எஞ்சிய அசையும் உறுப்புகள் மூன்று மட்டுமே: பிஸ்டன், இணைப்புக் கோல், கிராங்க் தண்டு. கொட்டகலையில் இன்று ஒரு கராஜின் வாசலில் பிரித்துப் போட்டிருக்கும் ஈரடிப்பு எந்திரத்தின் உள்ளேயும் இம்மூன்றே கிடக்கின்றன.

டே இதனால் செல்வம் சேர்த்தாரில்லை. அவருடைய தொழில் நொடித்தது. எண்ணெய் ஊற்றுத் தேடும் பிற்கால முயற்சியிலும் பொருளை இழந்தார். 1946இல் அவர் மறைந்தபோது, உலகெங்கும் அவருடைய கோட்பாட்டில் இயங்கிய எந்திரங்களுக்குக் கணக்கில்லை. அவரை நினைவில் வைத்திருந்தோர் மிகச் சிலரே.

வால்வுகளை நீக்கியதனால் எந்திரம் மலிவாயிற்று, இலகுவாயிற்று, எவரும் பிரித்துப் பூட்டக்கூடியதாயிற்று. ஆனால், அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. நான்கடிப்பு எந்திரத்தில் கிராங்க் அறை எண்ணெய் தேங்கும் தொட்டி மாத்திரமே. அதில் சிறு கசிவு ஏற்பட்டால் தரையில் ஒரு கறை படியும், அவ்வளவே. ஈரடிப்பு எந்திரத்திலோ அது மூச்சுப்பை. அதில் ஊசித்துளை விழுந்தாலும் மூச்சு முட்டும். மேலும், வாயு செல்லும் அறையில் எண்ணெயைத் தேக்கி வைக்க இயலாது. ஆகவே, எண்ணெயைப் பெற்றோலிலேயே கலந்து ஊற்ற வேண்டியதாயிற்று. ஒரு கலன் பெற்றோலுக்கு அரைப் பைந்து எண்ணெய், அதாவது பதினாறுக்கு ஒன்று, என்பது அக்கால இங்கிலாந்து வண்டிகளின் வழமையான கணக்கு. பழைய ஈரடிப்பு வண்டியின் தொல்லைகளுள் பெரும்பாலானவற்றை இவ்விரண்டின் பிள்ளைகள் எனலாம்: மூச்சுப்பையாகிய கிராங்க் அறை, பெற்றோலோடு கலந்த எண்ணெய்.

இவ்வெந்திரம் மோட்டார் சைக்கிளில் ஏறிய கதை நெடியது. சிலவற்றைச் சொன்னால் போதும். அல்பிரட் ஸ்கொட் என்பாரின் நீர்குளிரூட்டிய ஈரடிப்பு வண்டிகள் 1912, 1913 ஆகிய இரு ஆண்டுகளிலும் மான் தீவுப் பெரும்பந்தயத்தில் வென்றன. வூல்வர்ஹாம்ப்டன் நகரத்து வில்லியர்ஸ் நிறுவனம் சிறு எந்திரங்களைப் பெருந்தொகையாகச் செய்து பிற வண்டித் தயாரிப்பாளருக்கு விற்றது. பற்றரி இல்லாமலே தீப்பொறி தரும் மக்னெற்றோவைச் சுழற்சக்கரத்தினுள்ளேயே அடக்கி வைத்தது அந்நிறுவனத்தின் பெருஞ்சாதனை. ஜேர்மனியின் சாக்சனி மாநிலத்தில் டென்மார்க்கு நாட்டவரான றஸ்முசென் நிறுவிய டீகேவீ தொழிற்சாலை, 1920களின் பிற்பகுதியில் உலகிலேயே அதிக மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. அதுவரை புதிய வாயு நேரே புகைத் துவாரத்துக்கு ஓடிவிடாதபடி பிஸ்டனின் தலையில் ஒரு திமிலை வைத்திருந்தனர். அடோல்ப் ஷ்னூர்லே என்னும் பொறியியலாளர் 1920களின் நடுப்பகுதியில் துவாரங்களின் சாய்வை மாற்றி, வாயு பின்சுவரில் மோதி வளைந்து திரும்பும்படி செய்தார். திமில் போயிற்று, பிஸ்டன் இலகுவாகிப் பெற்றோல் மிச்சமாயிற்று. அவ்வுரிமையை வாங்கிப் பயன்படுத்திய டீகேவீ 1939இல் வெளியிட்ட ‘ஆர்டி 125’ என்னும் சிறுவண்டிதான் ஏனைய பலவற்றுக்கும் தாயாகியது.

போரில் ஜேர்மனி தோற்றதும் அவ்வண்டியின் வரைபடங்கள் வென்றவர்களின் சொத்தாயின. சோவியத் நாட்டில் அது ‘மொஸ்க்வா’ எனப் பிறந்தது. இங்கிலாந்தில் 1948இல் பிஎஸ்ஏ ‘பாண்டம்’ ஆயிற்று. ஆங்கிலேயரின் வழக்கப்படி கியர் மிதி வலப்பக்கம் வரவேண்டுமென்று வரைபடத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாக மாற்றிச் செய்தனர். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் அதன் வழியில் ஒரு சிறுவண்டியைச் செய்தது. 1955இல் யப்பானின் யமஹா நிறுவனம் தனது முதல் மோட்டார் சைக்கிளாகச் செய்ததும் அதன் மறுபிறப்பையே. இந்தியாவில் செக்கோஸ்லோவாக்கிய ‘ஜாவா’ 1961இல் மைசூரில் உருவாகத் தொடங்கிப் பின்னர் ‘யெஸ்டி’ எனப் பெயர் மாறியது. போலந்து வண்டியொன்றின் வழிவந்த ‘ராஜ்தூத்’ வடக்கே பிறந்தது. ஜாவாவில் உதைக்கும் கோலும் கியர் மாற்றும் கோலும் ஒன்றே. அதனைப் பின்னோக்கி மடித்து உதைத்து, எந்திரம் எழுந்ததும் முன்னோக்கித் திருப்பிக் கியர் மாற்ற வேண்டும். முதன்முறை ஏறியவர் திகைப்பது இயல்பே.

ஆகவே, கொட்டகலையில் நிற்கும் பழைய வண்டியின் தொட்டியில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும், உள்ளே பேசுவது டேயின் மொழியே. அவ்வண்டி எழாதபோது நாட்டு வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் மூன்றைப் பார்க்க வேண்டும்: தீ, நீர், மூச்சு. தீயென்பது பொறி, நீரென்பது பெற்றோல், மூச்சென்பது அழுத்தம். இவ்வரிசை பணத்தைப் பொறுத்தும் ஏற்றது. முதலிரண்டையும் பார்க்கப் பிளக் சாவியொன்று போதும், மூன்றாவதற்கே எந்திரத்தைப் பிரிக்க நேரும். வரிசையை மாற்றி, கேட்டவர் சொன்னதையெல்லாம் வாங்கிப் பூட்டுபவரின் நிலை பரிதாபமானது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டியதே 2021இல்தான். தேவையற்ற ஒரு கொயில் வாங்கினாலும் எத்தனை நாள் கொழுந்து பறித்த கூலி போயிற்று என்று வீட்டார் கணக்குப் பார்ப்பர். பார்ப்பதில் பிழையும் இல்லை.

முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். அந்தச் சிறு பொருள் எந்திரத்தின் நாக்கு. அது நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, தீ வரவில்லை என்று கொள்ளலாம். உலர்ந்திருந்தால் பெற்றோலே வரவில்லை. அல்லது, மூச்சுப்பை அதனை மேலே தள்ளவில்லை. கரிபடிந்து கறுத்திருந்தால் பெற்றோல் மிகை, அல்லது எண்ணெய் மிகை. இரு முனைகளுக்குமிடையே மயிரிழை போன்ற கரிப்பாலம் ஒன்று அமைந்து பொறியை விழுங்கிவிடுவதும் உண்டு. அது எண்ணெய் எரிக்கும் ஈரடிப்பு எந்திரத்துக்கே உரிய வியாதி. நகத்தால் தட்டிவிட்டால் குணமாகும். இதற்காக முழு எந்திரத்தையும் பிரித்தவர்கள் உண்டு என்பதைக் கராஜ்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வர்.

கழற்றிய பிளக்கை அதன் தொப்பியில் பொருத்தி, சிலிண்டரின் உலோகத்தில் படும்படி வைத்து, மெல்ல உதைத்தால் முனையில் பொறி தெரியும். பிளக் கழற்றிய துவாரத்துக்கு அருகே இதைச் செய்யலாகாது. அங்கிருந்து வெளிவரும் பெற்றோல் ஆவி தீப்பற்றிக்கொள்ளும். நீலமாகவும் தடிப்பாகவும் பொறி பாய்ந்தால் தீயைப் பற்றிய கவலை நீங்கும். மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் சுழற்சக்கரத்தின் உள்ளே பார்க்க வேண்டும். அங்குள்ள பொயின்ற் என்னும் இரு சிறு முனைகள் ஏறத்தாழ அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு விலகித் திறக்க வேண்டும். ஒரு தடித்த தாளின் கனம் என்று வைத்துக்கொள்ளலாம். வட்டவளை இலங்கையிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. அங்கிருந்து கொட்டகலை சில நிலையங்களே அப்பால். வைகாசி தொடங்கித் தென்மேல் பருவக்காற்று ஓயும்வரை இப்பகுதியில் துணி காய்வதும் அரிது. அந்த ஈரத்தில் பொயின்ற் முனைகளில் களிம்பு ஏறிவிடும். சுத்தமான தாளொன்றை இடையில் வைத்து இழுத்துத் துடைத்தாலே பல வண்டிகள் எழும். முனைகள் கருகிக் குழிவிழுந்திருந்தால் குற்றம் கொண்டன்சருடையது.

மக்னெற்றோவின் பொறி சக்கரம் சுழலும் வேகத்தைப் பொறுத்தது. மெலிந்துபோன காந்தமும் களிம்பேறிய பொயின்றும் கொண்ட வண்டியை உதைக்கும்போது, அந்த வேகம் ஒரு பொறிக்குப் போதாது. சரிவில் உருட்டும்போது போதும். சரிவு மறைக்கும் முதல் நோய் இதுவே.

அடுத்தது பெற்றோல். குழாயைத் திறந்தும் காபுரேற்றருக்குள் பெற்றோல் வராவிட்டால், தொட்டி மூடியிலுள்ள சிறு காற்றுத் துளை சேற்றால் அடைபட்டிருத்தல் கூடும். மூடியைத் தளர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். எண்ணெய் கலந்த பெற்றோலில் மற்றொரு தீங்கு உண்டு. வண்டியைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தால் காபுரேற்றர்க் கிண்ணத்திலுள்ள பெற்றோல் ஆவியாகிப் போக, எண்ணெய் மட்டும் பாகுபோல் எஞ்சி நுண்துளைகளை அடைக்கும். பழைய ஓட்டுநர்கள் வீட்டை அடையுமுன்பே குழாயை மூடி, எந்திரம் தானே வரண்டு நிற்கும்படி விடுவது இதற்காகத்தான். 1964இல் யமஹா நிறுவனம் எண்ணெயைத் தனித் தொட்டியிலிருந்து சிறு பம்பினால் செலுத்தும் முறையை வெளியிட்ட பின்னர் இத்தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. ஆயினும், அந்தப் பம்பு பழுதானதும் அதனைக் கழற்றி எறிந்துவிட்டு மீண்டும் போத்தலில் எண்ணெய் அளந்து கலப்பவர்களை மலைநாட்டில் காணலாம். அவர்களைக் குறைகூறவும் முடியாது. பம்பு நின்றது தெரியாமல் ஓடினால் பிஸ்டன் பிடித்துவிடும்.

உயரம் செய்யும் வேலை இனி. 4,000 அடியில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் எட்டில் ஏழு பங்கே. கொழும்பில் சரியாக அமைத்த காபுரேற்றர் கொட்டகலையில் அதே பெற்றோலை ஊட்டும். ஆனால், அதற்கேற்ற காற்று இல்லை. கலவை தடிக்கும், பிளக் கறுக்கும். அதனோடு, குளிருக்கென்று சோக்கை இழுத்துப் பத்து முறை உதைத்தால் பெற்றோல் கிராங்க் அறையில் குளமாகத் தேங்கிவிடும். பின்னர் உதைக்குந்தோறும் நிலைமை மோசமாகுமேயன்றித் திருந்தாது. அப்போது செய்ய வேண்டியது பெற்றோல் குழாயை மூடி, பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியை ஒருபுறம் ஒதுக்கி வைத்து, கைப்பிடியை முழுவதும் திறந்து, பன்னிரண்டு முறை உதைத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றுவதே. பழைய வில்லியர்ஸ் எந்திரங்களில் அறையின் அடியிலேயே இதற்கென ஒரு திருகாணி வைத்திருந்தனர். நல்ல ஏற்பாடு, பின்வந்தோர் பலர் அதை ஏனோ கைவிட்டனர்.

உயரத்துக்கேற்ப ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலேற்றினால் ஊசி தாழ்ந்து கலவை மெலியும். காலையில் வண்டி எளிதாக எழும். ஆனால், இங்கே ஒரு பொறி மறைந்திருக்கிறது. அவ்வண்டி ஹற்றனைக் கடந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்கும்போது காற்று தடிக்கிறது, கலவை இன்னும் மெலிகிறது, எந்திரம் சூடேறுகிறது. அதைவிட மோசமான ஒன்றும் அவ்விறக்கத்தில் நிகழ்கிறது. பெற்றோலை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் கைப்பிடியை முற்றாக மூடிக்கொண்டு எந்திரத்தின் தடையிலேயே மைல் கணக்கில் இறங்குவர். பெற்றோல் செல்லாவிடில் எண்ணெயும் செல்லாது. எண்ணெய் அதனுள்தானே இருக்கிறது. வேகமாக ஏறி இறங்கும் பிஸ்டன் வரண்ட சுவரில் உராயும். சுவீடன் நாட்டின் சாப் நிறுவனம் தன் ஈரடிப்புக் கார்களில், இறக்கத்தில் எந்திரம் சக்கரத்திலிருந்து விடுபட்டு மெல்லச் சுழலும்படி ஒரு பொறியமைப்பையே வைத்தது இதனால்தான். மோட்டார் சைக்கிளில் அந்த வசதியில்லை. அனுபவசாலி இறக்கத்தில் இடையிடையே கிளச்சைப் பிடித்துக் கைப்பிடியை ஒருமுறை முறுக்கிவிடுவார். வீணாகச் சத்தம் எழுப்புகிறார் என்று வழியிற் செல்வோர் எண்ணலாம். அவர் தம் எந்திரத்துக்கு ஒரு வாய் எண்ணெய் ஊட்டுகிறார். ஊட்டாதவரின் பிஸ்டனில் கீறல் விழும். மறுநாட் காலையில் வண்டி எழாது.

பொறியும் நன்று, பெற்றோலும் உண்டு, இருந்தும் வண்டி எழவில்லையென்றால் மூச்சைத்தான் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் வழிதவறுகின்றனர். நான்கடிப்பு எந்திரத்தில் பழகிய கை மேலறையின் அழுத்தத்தை மட்டும் சோதிக்கும். உதைகோல் காலில் இறுக்கமாகத் தட்டுப்பட்டதும் ‘கொம்பிரஷன் நல்லது’ என்று சொல்லி நகர்ந்துவிடும். ஈரடிப்பு எந்திரத்துக்கு மூச்சறைகள் இரண்டு. மேலறை இறுக்கமாயிருக்கக் கீழறை கசிந்துகொண்டிருக்கலாம். கிராங்க் தண்டு இருபுறமும் வெளியேறும் இடங்களில் அதனைச் சுற்றியுள்ள ஒயில் சீல் என்னும் றப்பர் வளையங்களே அவ்வறையின் காவலாளர். ஆண்டுகள் செல்லச் செல்ல அவை கல்லாய் இறுகி வெடிக்கின்றன. மக்னெற்றோப் பக்கத்துச் சீல் பழுதானால் வெளிக்காற்று உள்ளே நுழைந்து கலவை மெலியும். பிளக் உலர்ந்தே இருக்கும். காபுரேற்றரில் பெற்றோல் நிறைந்திருந்தும் அதனை இழுத்துவர மூச்சு இராது. கியர் பெட்டிப் பக்கத்துச் சீல் பழுதானால் கியர் எண்ணெய் உறிஞ்சப்பட்டு, எந்திரம் எழுந்தபின் தேயிலைத் தொழிற்சாலைப் புகைபோக்கிபோல் வெண்புகை எழும்பும். கியர் எண்ணெயும் காரணமின்றிக் குறையும்.

சரிவு மறைக்கும் இரண்டாவது நோய் இதுவே, பெரியதும் இதுவே. கசியும் மூச்சுப்பை மெல்ல உதைக்கும்போது காற்றையெல்லாம் கசியவிடுகிறது. உருட்டி வேகமாகச் சுழற்றும்போது கசிவதற்கு நேரம் கிடையாமையால் ஓரளவு மேலே தள்ளிவிடுகிறது. வண்டி எழுகிறது, ஓட்டுபவர் நோய் தீர்ந்ததென்று மகிழ்கிறார். உண்மையில், வெளிக்காற்றால் மெலிந்த கலவையோடு எந்திரம் நாள்தோறும் சூடேறி ஓடுகிறது. சில நூறு ரூபா வளையத்தில் முடியவேண்டிய செலவு, பிஸ்டனும் சிலிண்டரும் போரிங்குமாக வளர்கிறது.

எழுந்து, நாலைந்து முறை இருமி, அணைந்துவிடும் வண்டிக்குப் புகைக்குழாயைப் பார்ப்பது நன்று. எரிந்த எண்ணெயின் கரி துவாரத்தையும் சைலன்சரையும் அடைத்துவிடும். சுமார் 2,000 மைலுக்கு ஒருமுறை அதனைச் சுரண்டவேண்டும் என்று பழைய கைந்நூல்கள் விதித்தன. சுழற்சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சிறு சாவி அறுந்தால் பொறி தவறான நேரத்தில் விழும்; உதைகோல் காலைத் திருப்பி அடிக்கும். அப்போது எந்திரம் எதிர்த்திசையில் சுழலத் தொடங்குவதும் உண்டு! வால்வு இல்லாத எந்திரத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றே. முதலாம் கியரில் இட்டவர் பின்னோக்கிச் சென்று தேயிலைச் செடிக்குள் விழுந்தால் அதற்கும் ஜோசப் டேயே பொறுப்பு.

இவையெல்லாம் பொழுதுபோக்குக்காக வண்டி வைத்திருப்பவனுக்கு வேடிக்கை. தோட்டத்தில் நிலைமை வேறு. பல லயங்கள் பள்ளத்திலே, ஓடையோரத்திலே அமைந்தவை. அங்கிருந்து நெடுஞ்சாலைக்கு ஏற்றமேயொழிய இறக்கம் கிடையாது. நள்ளிரவில் பிள்ளைக்கு மூச்சுத் திணறுகிறது, அல்லது ஒரு பெண்ணுக்கு நோவு கண்டுவிட்டது என்றால், முச்சக்கர வண்டியொன்றை அழைத்துவர எவனாவது ஒருவன் மேலே போக வேண்டும். பகலெல்லாம் சரிவில் உருட்டி எழுப்பிய வண்டி அந்த நேரத்தில் பள்ளத்தில் நின்று ஒன்றும் செய்யாது. உருட்ட இடமில்லை, உதைத்தால் எழும் வலு அதற்கு எப்போதோ போய்விட்டது. மழையில் தீப்பந்தம்போல் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பதே மிச்சம்.

ஈரடிப்பு வண்டியின் காலம் இலங்கையில் சுருங்கிவருகிறது. எரியாத பெற்றோலையும் எண்ணெயையும் புகையோடு வெளிவிடும் குற்றத்துக்காக, 2008ஆம் ஆண்டு தொடக்கம் ஈரடிப்பு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. உலகெங்கும் மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர் நான்கடிப்புக்கு மாறினர். ஆனால், 2020இல் வாகன இறக்குமதி தடைப்பட்டுப் பழைய வாகனங்களின் விலை ஏறவே, கோழிக்கூட்டின் பக்கத்தில் சாக்குப் போர்த்திக் கிடந்த பழைய வண்டிக்கும் மதிப்பு வந்தது. 2022இல் எரிபொருள் பஞ்சம் வந்தபோது, எண்ணெய்க் களஞ்சியம் ஒன்று கொட்டகலையிலேயே இருந்தும், ஊரார் மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்றனர். அவ்வாண்டின் நடுப்பகுதியில் பங்கீட்டு முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர். கிடைத்ததைப் போத்தலில் சேர்த்து வைத்தவர்கள் பின்னர் ஒன்றைக் கண்டனர்: மாதக்கணக்கில் கிடந்த பெற்றோல் மணத்தது, ஆனால் குளிரில் பற்றவில்லை. விரைவில் ஆவியாகும் அதன் இலகுவான பகுதியே முதலில் பறந்துபோகிறது. குளிர்காலையில் எந்திரத்தை எழுப்புவதும் அப்பகுதியே. எழாத வண்டிகளுள் சிலவற்றுக்குப் புதிய பெற்றோல் அரைப் போத்தலே மருந்தாயிற்று.

ஒரு வண்டி உண்மையில் நலமாயுள்ளதா என்பதை அறிய, கொட்டகலையின் மூத்த கைவினைஞர் கையாளும் சோதனை எளியது. இரவு முழுவதும் வெளியே நின்று குளிர்ந்த வண்டியைச் சமதரைக்குக் கொண்டுவரச் சொல்வர். இச்சரிவு நாட்டில் சமதரை தேடுவதும் ஒரு வேலைதான். புகையிரத நிலையத்து முன்றில் அதற்கு ஏற்றது. குழாயைத் திறந்து, சோக்கை இழுத்து, கைப்பிடியைத் தொடாமல் இருமுறை மெல்ல உதைத்து, மூன்றாம் முறை உறுதியாக உதைக்க வேண்டும். அந்த மூன்றுக்குள் எழுந்துவிட்டால் வண்டியைக் கொண்டுபோகச் சொல்லிவிடுவர். எழாவிட்டால், ‘தள்ளிப் பார்ப்போம்’ என்று பின்னால் ஓடிவரும் பையனைத் தடுத்து நிறுத்திவிட்டுப் பிளக் சாவியை எடுப்பர்.